அம்புக்குறிக்கு அந்தப் பக்கம்

ஆம்பூர் ஷூ கம்பெனிகளிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் ஷூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு படம் ஒட்டியிருக்கும். ஷூ பக்கவாட்டில் நிற்கிறது. மேல்பாகம், உள்பாகம், அடிப்பாகம் என்று அதை மூன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குறி. உரித்துப் பரப்பிய தோலின் உருவம் இருந்தால் அது தோல். அதே உருவத்தின் நடுவில் ஒரு சாய்சதுரம் இருந்தால் மேலே பூச்சு ஏற்றிய தோல். வலைப்பின்னல் என்றால் துணி. வெறும் சாய்சதுரம் என்றால் வேறு ஏதோ. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் போட்ட உத்தரவு இது. அந்தப் பாகத்தின் பரப்பில், அடிப்பாகமென்றால் கன அளவில், 80 சதவீதமாவது எந்தப் பொருள் இருக்கிறதோ அதன் குறியைப் போட வேண்டும். எதுவும் அந்த அளவுக்குத் தேறாவிட்டால் பெரும்பங்கான இரண்டையும் போட வேண்டும்.

தொழில்காரனாகச் சொல்கிறேன், அற்புதமான படம். ஒரு எழுத்துக்கூட இல்லை. ஹாம்பர்க்கில் கடைக்குள் நுழைகிறவன் ஷூவைத் திருப்பிப் பார்த்த மாத்திரத்தில், தான் ஏமாற்றப்படவில்லை என்று தெரிந்துகொள்கிறான். அவனுக்கு வேண்டிய விவரம் முழுதும் இருக்கிறது, வேண்டாத விவரம் ஒன்றுகூட இல்லை. அந்தத் தோல் எந்த ஆற்றங்கரையில் வெந்தது, அதைக் கழுவிய தண்ணீர் யார் கிணற்றுக்குப் போனது என்பதெல்லாம் வேண்டாத விவரம்.

நான் போர்டு எழுதிப் பிழைத்தவன். பிரஷ் போய் ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கம்ப்யூட்டருக்கு மாறினேன். எங்கள் தொழிலில் ஓயாத சர்ச்சை ஒன்று உண்டு: தகவல் சொல்லும் படத்தில் எவ்வளவு விவரம் வைக்கலாம்? குறைக்கச் சொல்வது ஒரு கட்சி. வியன்னாவில் 1920-களிலேயே ஓட்டோ நொய்ராத் என்பவர் புள்ளிவிவரங்களைச் சின்னச் சின்னப் பொம்மைகளாக்கிச் சுவரில் மாட்டி, படிக்காத தொழிலாளியும் நாட்டுக் கணக்கைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு அருங்காட்சியகமே நடத்தினார். விவரத்தைக் கூட்டச் சொல்வது மறு கட்சி. எங்கள் ஊர் பிரியாணிக் கடை ஃப்ளெக்ஸைப் பாருங்கள், சீரகச் சம்பா அரிசியை ஒவ்வொன்றாக எண்ணலாம். இந்தச் சர்ச்சையை வேலூர் முதல் வாணியம்பாடி வரை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். துட்டு வருகிற பக்கம் விவரம் வேண்டும். துட்டு போகிற பக்கம் வேண்டாம். அவ்வளவுதான் கொள்கை.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வரைபடம் அனுப்பும். பார்த்திருக்கிறேன். ஓரத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி ஊசி இறங்க வேண்டும், அங்குலத்துக்கு எத்தனை தையல், நூல் என்ன கனம், எந்த நிறம், மடிப்பில் தோலை எவ்வளவு இழைக்க வேண்டும் என்று அம்புக்குறிகளால் குத்துப்பட்டுக் கிடக்கும் அந்த ஷூ. அம்புப் படுக்கையில் பீஷ்மர் கெட்டார். அதைப் பார்த்து எந்த மேனேஜரும் “லேபருங்க கொழம்பிடுவாங்க” என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. கையால் தைக்க வேண்டிய ‘அப்பர்’கள், அதாவது மேல்பாகங்கள், மூட்டை கட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகின்றன. வாசலில் உட்கார்ந்து, விரலில் துணி சுற்றிக்கொண்டு, ஜோடிக்குச் சில ரூபாய்க் கூலிக்குப் பெண்கள் தைக்கிறார்கள். ஒருத்தியும் குழம்பவில்லை. ஒரு தையல் பிசகினாலும் கூலி போகும் என்கிற விவரத்தை அவர்களுக்குப் படமே இல்லாமல் புரியவைத்திருக்கிறார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன். சில வருஷம் முன்பு ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் லைம் யார்டுக்கும் கழிவுத் தொட்டிக்கும் இடையே உள்ள சுவரில் மாட்ட ஒரு பாதுகாப்புப் போர்டு வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஆடிட் வருகிறது, நாலு நாளில் முடிக்க வேண்டும். எனக்கும் ஆசை. ஆயுசு முழுக்க ‘இங்கு நோட்டீஸ் ஒட்டாதே’ எழுதினவனுக்கு ஒரு உயிரைக் காக்கும் படம் போடுகிற வாய்ப்பு. அங்கே வேலை செய்யும் ஒருவரோடு இரண்டு நாள் சுற்றினேன், கேட்டுத் தெரிந்துகொண்டேன், ஆறு கட்டமாகப் படம் போட்டேன்.

முதல் கட்டம்: தோலிலிருந்து மயிரைக் கழற்ற சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் ஒரு கால்வாயில் போகிறது. குரோம் ஏற்றுவதற்கு முன்னால் அமிலமும் உப்பும் சேர்த்துத் தோலை ஊறவைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இன்னொரு கால்வாயில் போகிறது. இரண்டும் கலக்கக் கூடாது. இரண்டாவது கட்டம்: இரண்டும் ஒரே தொட்டியில் கலந்துவிட்டன. சல்பைடில் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. மூன்றாவது: அது காற்றைவிடக் கனமான வாயு, மேலே போகாது, தொட்டியின் அடியில் படுத்துக் கிடக்கும். மேலே நின்று எட்டிப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. நான்காவது கட்டத்துக்குத்தான் அதிகம் பாடுபட்டேன். அழுகிய முட்டை வாடை அடிக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் இறங்குகிறார். திடீரென்று வாடை நின்றுவிடுகிறது. அப்பாடா, போய்விட்டது என்று கையை எடுக்கிறார். போனது வாயு அல்ல, மூக்கு. அளவு கூடினால் இந்த வாயு மோப்ப நரம்பை மரத்துப்போக வைக்கும். வாடை நின்ற இடம்தான் சாகிற இடம். இதை ஒரு மூக்கையும் இரண்டு கோடுகளையும் வைத்து எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டேன். ஐந்தாவதில் அவர் விழுகிறார். ஆறாவதில் அவரைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்குகிறார், அவருக்குப் பின்னால் மூன்றாவது ஆள் ஏணியில் கால் வைக்கிறார். அந்த இருவர் மேலும் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி.

எந்த ஊர்த் தொட்டிச் சாவுச் செய்தியை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், ‘அவரைக் காப்பாற்ற இறங்கியவரும்’ என்ற வரி இல்லாமல் இருக்காது. அந்த வரிக்குத்தான் படம் போட்டேன்.

மேனேஜர் போர்டின் மாதிரியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். “ஆர்ட்டிஸ்ட், இவ்ளோ டீடெயில் எதுக்கு? லேபருங்க கொழம்பிடுவாங்க.”

முதலில் ஆறாவது கட்டம் போனது. “செத்த ஆளெல்லாம் போடாதப்பா, ஆடிட்காரங்க பார்ப்பாங்க.” விழுந்தவனைத் தூக்க ஆள் வராவிட்டால் விழுந்தவன் மட்டும் எதற்கு என்று ஐந்தும் போனது. நான்கில் மூக்கு அசிங்கமாக இருக்கிறதாம். மூன்றில் ஒன்றும் தெரியவில்லையாம். கண்ணுக்குத் தெரியாத வாயுவை நான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போட்டது தப்பு, தெரியாத மாதிரி போட்டதும் தப்பு. முதல் கட்டத்தைத்தான் உற்றுப் பார்த்தார். என் நெஞ்சு கொஞ்சம் குளிர்ந்தது.

“ரெண்டு கால்வா போட்டிருக்கியே. நம்ம ஷாப்ல எத்தினி கால்வா?”

“ஒண்ணுதான் சார்.”

“அப்புறம்? பொல்யூஷன் போர்டுக்காரன் வந்து இன்னொண்ணு எங்கன்னு கேட்டா நீயா பதில் சொல்லுவ?”

கடைசியில் எழுந்தது இப்படி ஒரு போர்டு: மஞ்சள் ஹெல்மெட், மஞ்சள் கையுறை, கட்டைவிரலை உயர்த்திச் சிரிக்கிற ஒருவன். இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் படம். ஆள் வெள்ளைக்காரன் என்பதால் கொஞ்சம் பழுப்பு ஏற்றினேன். கீழே ‘பாதுகாப்பே நமது முதல் கடமை’. அவன் எதைப் பார்த்துச் சிரிக்கிறான், எதற்காகக் கட்டைவிரல் காட்டுகிறான் என்ற விவரம் இல்லை. அந்தத் தொட்டியில் எந்தத் தெரு ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறார்கள் என்ற விவரமும் இல்லை. அது ஊருக்கே தெரிந்தது, படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. மனிதக் கையால் கழிவள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்துவிட்டது. சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் இறங்கிச் செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது, 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. செத்த பிறகு வருகிற விவரம் துல்லியமாக இருக்கிறது. சாகாமல் இருக்க வேண்டிய விவரத்துக்குத்தான் போர்டில் இடம் போதவில்லை.

தோல் ஷாப் மேனேஜரை மட்டும் திட்டி என்ன பயன்? அவர் சின்ன ஓவியர். பெரிய ஓவியர்களைப் பார்க்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போக வேண்டும். அங்கே கழிவுநீர் எப்படிச் சுத்தமாகிறது என்று கட்டம் கட்டமாக ஒரு படம் காட்டுவார்கள். சேகரிப்புத் தொட்டி, அம்புக்குறி, கலக்கும் தொட்டி, அம்புக்குறி, காற்றூட்டும் தொட்டி, அம்புக்குறி, சவ்வு வழியாக வடிகட்டல், ஆவியாக்கி. தண்ணீர் பழுப்பிலிருந்து பச்சையாகி, பச்சையிலிருந்து நீலமாகி, திரும்ப ஷாப்புக்கே போகிறது. ‘பூஜ்யக் கழிவு’ என்று பெயர். பூஜ்யத்தைப் படமாகப் போடுவது ரொம்பச் சுலபம், ஒரு வட்டம் இழுத்தால் தீர்ந்தது. தண்ணீரை ஆவியாக்கினால் உப்பு எங்கே போகும் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் கேட்பான். கலப்பட உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறது, வாங்க ஆளில்லை. சேறு எங்கே போகும் என்றும் கேட்பான். அதற்குப் படத்தில் பதில் உண்டு. கடைசிக் கட்டத்திலிருந்து ஓர் அம்புக்குறி வெளியே கிளம்பி, காகிதத்தின் ஓரத்தில் முடியும். பக்கத்தில் ‘பாதுகாப்பான அகற்றம்’ என்று எழுதியிருக்கும்.

அந்த அம்புக்குறி போய்ச் சேர்கிற இடம் 31 ஜனவரி 2015 அன்று தெரிந்தது. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு தேக்கிய தொட்டிச் சுவர் விடிவதற்கு முன் உடைந்தது. பக்கத்துத் தோல் ஷாப்பில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு புகுந்தது. 10 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்யும் ஷாப்பிலேயே ஏன் தூங்கினார்கள்? அவர்கள் தூங்குவதற்கு எந்தப் படத்திலும் கட்டம் இல்லை. கட்டம் இல்லாதவன் அம்புக்குறியின் வழியில் படுத்துக்கொள்கிறான்.

அதே ராணிப்பேட்டையில் இன்னொரு காட்சிப்பொருள் உண்டு. அரசும் பங்குபோட்டு 1970-களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை தோல் தொழிலுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்தது. 1990-களின் நடுவில் மூடிவிட்டுப் போனார்கள், கழிவை மட்டும் விட்டுவிட்டு. எவ்வளவு? ஒன்றரை லட்சம் டன் என்று ஒரு கணக்கு, இரண்டேகால் லட்சம் டன்னுக்கு மேல் என்று இன்னொரு கணக்கு. நடுவில் முக்கால் லட்சம் டன் வித்தியாசம், யாருக்கும் உறுத்தவில்லை. மழை பெய்தால் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் வடியும். ஆறிணைதிறன் குரோமியம், புற்றுநோய் தரும் வகை. 2006-இல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது செர்னோபிலோடு ராணிப்பேட்டையும் இருந்தது. இப்போது மறு பக்கம் பாருங்கள். 1 மே 2015 முதல் ஐரோப்பாவில் உடம்பில் படுகிற எந்தத் தோல்பொருளிலும் இதே குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல சட்டம், குறை சொல்லவில்லை. ஹாம்பர்க்காரனின் குதிகாலுக்கு மில்லிகிராம் தராசு, ராணிப்பேட்டைக்காரனின் கிணற்றுக்கு லாரி எடைமேடை, அதிலும் முக்கால் லட்சம் டன் முன்னே பின்னே. விவரம் எவ்வளவு வேண்டும் என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் யாருடைய காலுக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

இந்த ஊர்களின் வழியே போகும் பாலாற்றுக்குப் பள்ளிக்கூட வரைபடத்தில் நீலம் அடிக்கிறார்கள். இந்திய நில அளவைத் துறை தன் வரைபடங்களில் வறண்ட ஆற்றுக்கு ஒரு குறி, தண்ணீர் ஓடும் ஆற்றுக்கு வேறு குறி என்று நேர்மையாகப் பிரித்து வைத்திருக்கிறது. தோல் கழிவு ஓடும் ஆற்றுக்கு மூன்றாவதாக ஒரு குறி அவர்களிடமும் இல்லை. ரசாயனப் பீப்பாய்களில் ஒட்டுகிற உலகப் பொது எச்சரிக்கைக் குறி ஒன்று உண்டு: சிவப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு பட்ட மரம், பக்கத்தில் ஒரு செத்த மீன். சோடியம் சல்பைடுக்கும் அது உண்டு. அதைப் பாலாற்றுக் கரையில் நட்டுவைக்கலாம் என்று யோசித்தேன். மரம் சரி. மீனைப் போட்டால் ஆற்றில் தண்ணீர் இருந்ததாக அர்த்தமாகிவிடும்.

நொய்ராத் கணக்கைப் பொம்மைகளாக்கியதைப் பற்றிச் சொன்னேனே, அதை நம் ஊருக்குச் செய்து பார்க்கலாம். தோல் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் போனது. 28 ஆகஸ்ட் 1996-இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே காசு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது, சட்டக் கல்லூரிகளில் இன்றும் மனப்பாடம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், பயிருக்கு உதவாமல் கெட்ட நிலம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் என்று விவரங்களை அடுக்கியிருக்கிறார்கள். தோல் ஷாப்புக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். 2001-இல் இழப்பீட்டு ஆணையம் கணக்கு முடித்தது: 1991 முதல் 1998 வரையிலான சேதத்துக்கு 547 ஷாப்புகள் சேர்ந்து 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் தர வேண்டும்.

சரி, ஒரு பொம்மைக்கு ஆயிரம் பேர் என்று வைத்துக்கொள்கிறேன். 29 முழுப் பொம்மைகள் வரும். மிச்சம் 193 பேர். முப்பதாவது பொம்மையில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, முழங்காலுக்குக் கீழே மட்டும். அந்த முழங்கால் எந்தக் கிராமத்துக்காரர்கள்? கிணற்றுத் தண்ணீரில் துவைத்த வேட்டி மஞ்சளானவர்கள், தென்னை குரும்பையாகவே உதிர்ந்தவர்கள். இனி ரூபாய்: சராசரியாக ஒருவருக்கு 9,187. ஏழு வருஷம் கெட்ட மண்ணுக்கு. அந்த ஷூ வரைபடத்தை அனுப்பும் கம்பெனியின் கடையில் அது நல்ல ஷூ ஒரு ஜோடியின் விலை. இதையும் சொல்லிவிடுகிறேன்: இழப்பீட்டை ஒழுங்காகக் கொடுத்து முடியுங்கள், கெடுத்தவர்களிடம் வசூல் செய்யுங்கள், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு போடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 30 ஜனவரி 2025-இல். 1991-இல் கிளம்பிய அம்புக்குறி 34 வருஷத்துக்குப் பிறகும் காகிதத்தின் மேலேயே போய்க்கொண்டிருக்கிறது. வழக்குப் போட்டபோது ஏர் பிடித்தவர்களில் எத்தனை பொம்மைகள் இன்று உயிரோடு இருக்கும்? அதை வரைய யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம் ஆட்களுக்கு விவரம் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், போதும் போதும் என்றாலும் விடமாட்டார்கள். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருக்க வேண்டும் என்று 2006 அறிவிக்கை சொல்கிறது. சுருக்கம் தமிழில் இருக்கும், படங்கள் ஆங்கிலத்தில் இருக்கும். திரையில் ஒரு படம் ஏறும்: நூறு கட்டம், இருநூறு அம்புக்குறி, எறும்பு எழுத்து. பந்தலில் கடைசி வரிசைக் கிழவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “எங்கூரு ஏரி இதுல எங்கய்யா இருக்குது?” என்பார். “கேள்விகளைக் கடைசியில் எழுத்து மூலமாக” என்பார்கள். அங்கே ஒருவரும் மக்கள் குழம்பிவிடுவார்கள் என்று கவலைப்படுவதில்லை. குழம்ப வேண்டும் என்றுதானே பந்தலே போட்டிருக்கிறது.

போர்டு மாட்டிய நாளன்று, என்னோடு இரண்டு நாள் சுற்றினாரே, அந்த லைம் யார்டுக்காரர் வந்து பார்த்தார். சிரிக்கிற பொம்மையை ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது யாருணா?”

“நீதான்.”

“நானா? நான் எப்பணா கையில கிளவுஸ் போட்டேன்?” கைலியைக் கொஞ்சம் இறக்கி இடுப்பைக் காட்டினார். வெள்ளி அரைஞாண்கயிறு, அடுப்புக் கரி மாதிரி கறுத்திருந்தது. சல்பைடு வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். “எங்க செட்டுல எல்லாருக்கும் இப்டித்தான். தேய்ச்சா வெள்ளையாவும், பத்து நாள்ல திரும்பக் கறுத்துரும். நானுன்னு சொல்றியே, இதையாச்சும் போடு.”

பழைய பழக்கத்தில் பிரஷ் கையில் இருந்தது. பொம்மையின் இடுப்பில், சட்டைக்கும் பேன்டுக்கும் நடுவே, விரற்கடை அகலத்தில் கறுப்பாக ஒரு கோடு இழுத்தேன். இழுத்து முடிப்பதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

“அது இன்னா கறுப்பா?”

“பெல்ட் சார்.”

கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். “லெதரா?”

“ஆமா சார்.”

“சரி, இருக்கட்டும்.”